தைப்பொங்கல் வரை பலசரக்குக் கடைக்குப் போகாமல் வீட்டுக் கையிருப்பில் சமைக்கலாமா? (திருகோணமலை)

உவர்மலைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். ஐப்பசி பிறந்துவிட்டது. மழை தொடங்கினால் இங்கிருந்து இறங்கிச் சந்தைக்குப் போய்வருவதே ஒரு வேலை. அதோடு புது வருடத்தில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது சப்பாத்து, கொப்பி, வான் காசு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். கரண்ட் பில்லையும் வாடகையையும் குறைக்க வழியில்லை. குறைக்கக்கூடிய இடம் சாப்பாட்டுச் சாமான் மட்டும்தான்.

2022இல் பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற பிறகு, எதையும் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்தப் பயம் லேசில் போகாது. ஆனால் வாங்கி வைத்ததைத் தின்று முடிப்பதில்லை, அதற்கு மேலேயே அடுக்கிக்கொண்டு போகிறோம். போன கிழமை அலுமாரியை முழுதாக இறக்கிக் கணக்கெடுத்தேன். சிவப்புப் பச்சை அரிசி, நாட்டரிசி, மைசூர்ப் பருப்பு, கௌபி, பயறு, கடலை, உழுந்து, குரக்கன் மா, கோதுமை மா, டின் மீன், சோயா மீட், நெத்தலி, கட்டாக் கருவாடு, பழப்புளி, கொறுக்காய், மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம். யாழ்ப்பாணத்திலிருந்து மாமி அனுப்பிய ஒடியல் மாவும் இருக்கிறது.

தைப்பொங்கல் வரை பலசரக்குக் கடைக்கும் சுப்பர் மார்க்கெட்டுக்கும் போவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். மீன், மரக்கறி, கீரை, முட்டை, தேங்காய், சின்னவளுக்குப் பால்மா, இவை மட்டும் வெளியிலிருந்து வரும். மற்றதெல்லாம் வீட்டில் இருப்பதிலிருந்துதான்.

எதை முதலில் முடிக்க வேண்டும், மழைக்காலத்தில் எதை எப்படிக் காப்பாற்றுவது, இதில் உண்மையாகவே காசு மிஞ்சுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

தம்பலகாமத்து வயல்

தங்கச்சி, நல்ல முடிவு. அரிசியைப் பற்றி நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

இரண்டு அரிசியில் சிவப்புப் பச்சையை முதலில் எடுங்கள். அதில் தவிடு ஒட்டியிருக்கும், தவிட்டில் எண்ணெய் இருக்கும், நாள் போனால் அந்த எண்ணெய் சிக்கு வாசம் அடிக்கும். நாட்டரிசி அவித்துக் குத்தியது. அது பொறுக்கும், வண்டும் அதில் சற்றுத் தாமதமாகத்தான் ஏறும்.

வண்டு விழுந்தால் பலர் செய்வது, அரிசியை உச்சி வெயிலில் பரப்புவது. அப்படிச் செய்யாதீர்கள். குத்திய அரிசி கடும் வெயிலில் வெடிக்கும், பிறகு சோறு குழைந்து கஞ்சியாகும். நிழலில் பரப்பிப் புடைத்து, நன்றாகக் காய்ந்த டின்னில் போட்டு இறுக்கி மூடுங்கள். வேப்பிலை போடுவதென்றால் சருகாகக் காய்ந்ததைப் போடுங்கள். பச்சை இலை போட்டால் அதன் ஈரமே பூஞ்சணத்தைக் கொண்டுவரும். டின் நிலத்தில் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் மூடைகள் எல்லாம் பலகைக்கு மேல்தான், சுவரில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி. மார்கழியில் சுவர் குடிக்கிற தண்ணீர் உங்களுக்குத் தெரியும்.

அடுத்த வருடத்துக்கு ஒன்று. அரிசியாக வைக்காமல் நெல்லாக வையுங்கள். உமி இருக்கும் வரை உள்ளே லேசில் பழுதாகாது. ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ, குத்தினால் 13, 14 கிலோ அரிசி வரும். பெரும்போக வெட்டு மாசி, பங்குனியில் நடக்கும். விலை இறங்குவதும் அப்போதுதான். ஈரம் 14 வீதத்துக்குள் இருக்க வேண்டும். அளக்கக் கருவி இல்லாவிட்டால் ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடியுங்கள். டக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசிந்தால் இன்னும் வெயில் வேண்டும். 2024 மார்கழியில் நாட்டரிசியும் சிவப்புப் பச்சையும் கடைகளில் இல்லாமல் போய், அரசாங்கம் இறக்குமதிக்கு இடம்கொடுத்தது. நெல் வைத்திருந்த வீடுகள் அந்தக் கிழமைகளில் கடைப்பக்கம் போகவில்லை.

---

கணக்குக் கொப்பி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இது மிச்சம்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். அலுமாரியில் இருப்பதும் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான். இப்போது அதைத் தின்றுவிட்டுத் தையில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி நிரப்பினால், செலவு மூன்று மாதம் தள்ளிப்போகிறதே தவிரக் குறையவில்லை. தையில் விலை கூடியிருந்தால் நட்டமும் வரலாம்.

உண்மையான மிச்சம் இரண்டு வழியில்தான் வரும். ஒன்று, பழுதாகிக் குப்பைக்குப் போக இருந்தது வயிற்றுக்குப் போவது. மற்றது, கடைக்குள் போகும்போது கையில் ஏறும் பிஸ்கட், யோகட், சோடா, சலுகை என்று எழுதி வைத்த ஏதோவொன்று, இவையெல்லாம் நின்றுபோவது. இரண்டாவதுதான் பெரிது என்பது என் அபிப்பிராயம். பழைய பில்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பட்டியலில் இல்லாமல் வாங்கியவற்றின் கீழ் கோடு போட்டுக் கூட்டுங்கள். அந்தத் தொகைதான் உங்கள் மாத மிச்சம். மூடை அரிசியின் விலையை மிச்சமாக எழுதிவிடாதீர்கள்.

---

உவர்மலைக்காரி

கணக்குக் கொப்பி அண்ணா, நீங்கள் சொல்வது சரி. ஆனால் எங்களுக்குச் செலவு தள்ளிப்போவதே உதவிதான். தை முதல் கிழமையில் கையில் காசு இல்லாவிட்டால் அடகுக்குப் போக வேண்டும், அடகுக்கு வட்டி கட்ட வேண்டும். மாசியில் அந்த நெருக்கம் இல்லை. அப்போது நெல் வெட்டும் வந்துவிடும், வயல் அண்ணா சொன்னபடி நெல்லாக வாங்கலாம். ஆகவே ஒரே சாமானை மலிந்த நேரத்தில் திரும்ப வாங்குகிறேன்.

பில்களை எடுத்துக் கோடு போட்டேன். தொகையை இங்கே எழுதவில்லை. சின்னவளின் வான் காசு அதில் அடங்கும், அவ்வளவு சொல்கிறேன்.

---

கிண்ணியா அடுப்படி

தங்கச்சி, நோன்புக்கு முந்தி நாங்களும் இப்படித்தான் அலுமாரியை இறக்குவோம். உங்கள் பட்டியலைப் பார்த்தேன். முதலில் குரக்கன் மாவை முடியுங்கள். குரக்கன் தானியமாக இருந்தால் வருடக்கணக்கில் இருக்கும், மாவாக்கிவிட்டால் காறல் பிடிக்கும். தேங்காய்ப்பூ கொஞ்சம் போட்டுப் பிட்டு, அதோடு நெத்தலிச் சம்பல், காலைக்குப் போதும். ஒடியல் மா அவசரமில்லை. கூழ் காய்ச்சும்போது தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை வடித்துவிடுங்கள்.

பழைய கௌபியும் கடலையும் எவ்வளவு அவித்தாலும் வேகாமல் கல்லாக நிற்கும். சூடும் ஈரமும் உள்ள இடத்தில் கிடந்தால் அப்படித்தான் ஆகும். இரவே உப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள். அவிக்கும்போது அப்பச்சோடா ஒரு சிட்டிகை, அதற்கு மேல் வேண்டாம், ருசி கெட்டுவிடும். புளியோ தக்காளியோ கொறுக்காயோ வெந்த பிறகுதான் போட வேண்டும். முதலில் போட்டால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. காஸும் மிச்சமாக வேண்டும் அல்லவா? ஒருநாள் அதிகமாக அவித்து, காலையில் கட்டச்சம்பலோடு கொஞ்சம், மத்தியானம் கறிக்குக் கொஞ்சம் என்று பிரித்துவிடுங்கள்.

பயறும் பச்சையரிசியும் இருக்கிறதே, வெள்ளிக்கிழமைக்குப் பயற்றம்கஞ்சி. உழுந்தை வறுத்து அரைத்துக் களி. சோயா மீட்டைப் பிள்ளைகள் தள்ளி வைத்தால் கொதிநீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்து, மிளகும் உள்ளியும் போட்டுப் பிரட்டுங்கள். பலர் அந்தத் தண்ணீரைப் பிழிவதில்லை, அதுதான் அந்த வாடை.

தேங்காயைத்தான் யோசிக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் ஒன்று 200 ரூபாயைத் தாண்டிப் போனபோது எங்கள் வீட்டில் சொதியே குறைந்துபோனது. அலுமாரி நிறையச் சாமான் இருந்தாலும் தேங்காய் இல்லாவிட்டால் நம்முடைய சமையலில் பாதி நின்றுவிடும். ஆகவே கிழமையில் சில நாளைத் தேங்காய் இல்லாத நாளாக முன்கூட்டியே வையுங்கள். தாளித்த பருப்பு, ரசம், வெந்தயமும் உள்ளியும் போட்ட புளிக்குழம்பு, பொரித்த கருவாடு, முருங்கையிலைச் சுண்டல். தேங்காய் வாங்கினால் முற்றியதாக, மட்டையோடு வாங்குங்கள். உரித்ததைவிட அது நீண்ட நாள் இருக்கும்.

---

நாச்சிக்குடா தொழிலாளி

எல்லாம் வாசித்தேன். அலுமாரி உள்ளவர்கள் பேசுகிற விஷயம் இது. நாட்சம்பளக்காரனுக்கு அன்றைக்கு வேலை இருந்தால் அன்றைக்கு அரிசி. மழைக்காலத்தில் கட்டட வேலையும் இல்லை, கடலும் இல்லை. நாங்கள் 250 கிராம் பருப்பு, 100 கிராம் மிளகாய்த்தூள் என்று வாங்குகிறோம். அப்படி வாங்கும்போது கிலோவுக்கு அதிக விலை கொடுப்பது நாங்கள்தான். 2022இல் வசதியுள்ளவர்கள் மூடை மூடையாக ஏற்றிக்கொண்டு போனதையும் பார்த்தோம். சேமித்து வைக்கச் சொல்லும்போது இதையும் நினைத்துப் பேசுங்கள்.

---

உவர்மலைக்காரி

அண்ணா, நீங்கள் எழுதியதைத் தள்ளிவிட முடியாது. தட்டுப்பாடு வந்த நேரத்தில் ஓடிப்போய் அள்ளுவது மற்றவன் தட்டிலிருந்து எடுப்பதுதான். என் முயற்சி அதற்கு எதிர்ப்பக்கம். சாமான் தாராளமாக இருக்கும் மாதத்தில் வாங்கி, தட்டுப்பாடான மாதத்தில் வரிசையில் நிற்காமல் இருப்பது. ஆனால் முதல் மூடைக்குக் காசு எங்கிருந்து என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

கிண்ணியா அடுப்படி

நாச்சிக்குடாத் தம்பி, எங்கள் ஒழுங்கையில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். நாலு வீடு சேர்ந்து ஒரு மூடை. மொத்தக் கடை விலையில் எடுத்து வீட்டில் தராசு வைத்துப் பிரிக்கிறோம். கிழமைச் சீட்டைப் போலக் காசு சேர்கிறது, வாங்குவது மட்டும் சாமான். ஒருவரால் அந்தக் கிழமை கட்ட முடியாவிட்டால் அவருடைய முறையை அடுத்ததோடு மாற்றுவோம். மிளகாய்த்தூளுக்கும் அப்படித்தான். செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கி வறுத்து, ஒரே நாளில் ஆலையில் அரைத்துப் பங்கு. பைக்கற் தூளைவிட எங்களுக்கு மலிவாக வருகிறது, கலப்படப் பயமும் இல்லை.

அரிசி உலையில் போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்பது எங்கள் உம்மா செய்தது. வேலை இல்லாத நாளுக்கு அது உதவியிருக்கிறது. உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் எழுதினேன்.

---

மூதூர்க் கரை

சேர்த்து வைப்பதில் ஒரு எல்லை இருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். 2006 ஆகஸ்டில் போர் காரணமாக மூதூரை விட்டுக் கந்தளாய்ப் பக்கம் நடந்தபோது யாராலும் அரிசி மூடையைத் தூக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது வீட்டில் ஒன்றும் இல்லை. அதற்கு முன் 2004 மார்கழி 26இல் கடல் வந்தபோதும் கரையோர வீடுகளில் அடுக்கி வைத்தது அப்படியே போனது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. அதிலும் ஒரு பங்கு, தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய ஒரே பையில். அவல், சீனி, வறுத்த அரிசி மா, டின் மீன், தீப்பெட்டி.

கருவாடு பற்றி. உங்களிடம் இருக்கும் கட்டாவை மழை பிடிக்கும் முன் ஒரு நல்ல வெயிலில் திரும்பப் போட்டு எடுங்கள். ஆறிய பிறகு கடதாசியில் சுற்றி டின்னில் வையுங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் வேர்க்கும். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிப்பு, வள்ளம் இறங்காத நாள் அதிகம், மீன் விலை ஏறும். அந்த நாட்களுக்குத்தான் கருவாடு. இப்போது மீன் கிடைக்கும்போது அதைத் தொடாதீர்கள். வைகாசி, ஆனியில் குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் மீன் குவியும்போது போடும் கருவாடு நன்றாகக் காய்ந்திருக்கும். அடுத்த முறை அப்போது வாங்கி வையுங்கள்.

---

கனடாத் திருமலை

ஊர் விஷயம் வாசிக்க ஆசையாக இருக்கிறது. ஒரு சின்ன யோசனை. அரிசி, பருப்பு, மா எல்லாவற்றையும் வாங்கியவுடன் மூன்று நான்கு நாள் ஆழ்குளிர்ப் பெட்டியில், சைபருக்குக் கீழ் 18 பாகையில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத வண்டு முட்டையும் செத்துப்போகும். இங்கே நாங்கள் இறைச்சி, மீன், துருவிய தேங்காய் எல்லாம் அதிலேயே மாதக்கணக்கில் வைக்கிறோம். அங்கேயும் ஒரு பெட்டி வாங்கினால் என்ன?

---

தம்பலகாமத்து வயல்

தம்பி, வண்டு முட்டைக்கு நல்ல யோசனை. பெட்டியிலிருந்து எடுத்ததும் திறக்காமல், பை வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் பூக்கும். ஆனால் முழுக் கையிருப்பையும் கரண்டை நம்பி வைக்க முடியாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2020 டிசம்பர் 2இல் புரேவிப் புயல் இந்த மாவட்டத்துக் கரையில்தான் ஏறியது. நம்முடைய மாரியும் புயலும் ஒரே மாதங்களில் வருபவை. காய்ந்தது, உப்பிட்டது, புளியில் போட்டது, இவைதான் இங்கே நிற்கும்.

---

ஓய்வுபெற்ற தாதி

சில விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கனம் என்ற பெயரில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கச்சான், செத்தல் மிளகாய், சோளம் இவற்றில் பூஞ்சணம் தெரிந்தால் தட்டிவிட்டுச் சமைக்காதீர்கள். அந்தப் பூஞ்சண நஞ்சு வறுத்தாலும் பொரித்தாலும் முழுதாகப் போகாது, ஈரலைப் பாதிக்கும். எறிந்துவிடுங்கள். கோழிக்கும் போட வேண்டாம். டின் மீனில் மூடி உப்பியிருந்தாலோ, விளிம்பில் ஒழுகினாலோ, திறக்கும்போது சீறி நுரைத்தாலோ ருசி பார்க்கவே கூடாது. சூரை, கெலவல்லா போன்ற மீன்களைக் கருவாடாக்கும் முன் வெயிலில் கிடக்கவிட்டிருந்தால் அதில் உண்டாகும் ஹிஸ்டமின் சமைத்தாலும் அழியாது. சாப்பிட்டவுடன் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடித்தால் அதுதான் காரணம் என்று யோசியுங்கள்.

இரவுச் சோற்றை வெளியில் வைத்துவிட்டு மறுநாள் பொரித்துக் கொடுப்பதும் ஆபத்து. அதில் பெருகும் கிருமி விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் நிற்கும். மிஞ்சினால் உடனே ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். அளவாக உலை வைப்பது அதைவிட நல்லது.

உப்பையும் கவனியுங்கள். 2025இல் உப்புக்கே தட்டுப்பாடு வந்ததால் பலர் பைக்கற்றுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அயடின் சேர்த்த உப்பு ஈரத்திலும் வெளிச்சத்திலும் திறந்து கிடந்தால் அயடின் குறையும். மூடியுள்ள போத்தலில் அடுப்புக்குத் தள்ளி வையுங்கள்.

மகள், உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது. அரிசியும் பருப்பும் வயிற்றை நிரப்பும், ஆனால் பச்சையான ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருக்க வேண்டும். பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கையிலை, ஒரு தேசிக்காய் பிழிந்தது. பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரத் தேசிப்புளி உதவும். சாப்பாட்டோடு தேநீர் கொடுத்தால் அது சேராமல் தடுக்கும், ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுங்கள்.

---

உவர்மலைக்காரி

மார்கழி நடுவில் எழுதுகிறேன். இன்னும் பலசரக்குக் கடைக்குப் போகவில்லை.

முதலில் தீர்ந்தது சின்ன வெங்காயம். நான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை, மரக்கறியோடு சேர்த்து நினைத்திருந்தேன். நிலாவெளிப் பக்கம் தோட்டக்காரர் ஒருவரிடம் தாளோடு கட்டிய பிடிகளாக வாங்கி, குசினியில் காற்றுப்படக் கட்டியிருக்கிறேன். மழையிலும் அழுகவில்லை. அடுத்தது தேங்காய் எண்ணெய். அதற்குப் பிறகுதான் பொரியல் குறைந்து அவியலும் சுண்டலும் கூடியது. என் கணவர் முதல் கிழமை முறையிட்டார், இப்போது கேட்பதில்லை. குரக்கன் மாவும் சிவப்புப் பச்சையும் முடிந்துவிட்டன. சோயா மீட்டைப் பிழிந்து பிரட்டிய பிறகு பிள்ளைகள் கேட்டுச் சாப்பிடுகிறார்கள், கிண்ணியா ராத்தாவுக்கு நன்றி. கடலில் வள்ளம் இறங்காத அந்தக் கிழமை முழுவதும் கட்டாக் கருவாடும் கத்தரிக்காயும்தான்.

கடலையும் கோதுமை மாவும் குறையவே இல்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தால் இந்த வீட்டில் யாருக்கும் கடலைக்கறி அவ்வளவு விருப்பமில்லை. சலுகை விலையில் கிடைத்தது என்று வாங்கியது. மிச்சக் கடலையை அவித்துத் தாளித்துப் பிள்ளைகளின் மாலைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கிறேன். இனி வீட்டில் வாராவாரம் சமைக்கும் சாமான் மட்டும்தான் அலுமாரிக்குள் வரும். ஒவ்வொரு டின்னிலும் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டியிருக்கிறேன். புதியது பின்னால், பழையது முன்னால்.

தாதி அம்மா சொன்னபடி செத்தல் மிளகாயில் ஒரு பகுதியை எறிந்தேன். மனம் வரவில்லை, ஆனாலும் எறிந்தேன்.

மாசியில் நெல் எடுக்க வேண்டும். உவர்மலையில் நாங்கள் மூன்று வீடு சேர்ந்திருக்கிறோம். வயல் அண்ணா, வெட்டு முடிந்ததும் உங்களிடம் வாங்க முடியுமா? குத்தித் தருவீர்களா, நாங்கள் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டுமா?

---

தம்பலகாமத்து வயல்

வாங்கலாம் தங்கச்சி. மழை பிந்தியதால் இம்முறை வெட்டு மாசிக் கடைசிக்குத்தான் வரும். சிவப்பு நெல்லும் போட்டிருக்கிறேன், வெள்ளையும் இருக்கிறது. எது எத்தனை புசல் என்று மூன்று வீடும் பேசி முன்கூட்டியே சொல்லுங்கள். நெல்லைக் காயவைத்துத் தருவேன். ஆலை எங்கள் சந்தியிலேயே இருக்கிறது, ஒரு முறைக்கு இரண்டு மாதத்து அரிசி மட்டும் குத்துங்கள். தவிட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஆலைக்காரரிடம் கேட்டால் தருவார், கோழி வளர்ப்பவர்கள் வாங்குவார்கள்.

---

நாச்சிக்குடா தொழிலாளி

வயல் அண்ணா, இங்கே எங்கள் லைனில் ஐந்து வீடு சேர்கிறோம். கிழமைச் சீட்டு தொடங்கிவிட்டோம். எங்களுக்கு நாட்டரிசி நெல். முழுக் காசும் மாசியில் வந்துவிடாது, பாதியை வெட்டு நேரத்திலும் மீதியைப் பங்குனியிலும் தந்தால் ஏற்பீர்களா?

---

தம்பலகாமத்து வயல்

ஏற்பேன் தம்பி. சாக்கை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள், உர மூடைச் சாக்கு வேண்டாம்.